படிக்க உட்கார்ந்தா மனசு ஓடுதா? 12 வருஷம் ஒரே புத்தகத்தோட போராடிய வில்லியம் ஜேம்ஸைத் தெரிஞ்சுக்கோங்க!

மதியம் ஒரு லாஜிக் வகுப்பு எடுத்தாக வேண்டும். அந்தப் பாடத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. காலையில் தயார் செய்யலாம் என்று உட்கார்ந்தவர், முதலில் நியூஸ்பேப்பரைப் புரட்டுகிறார். பிறகு மேஜையை ஒழுங்குபடுத்துகிறார், நகம் வெட்டுகிறார், தரையில் கிடக்கும் தூசியைக்கூடப் பொறுக்குகிறார். கடைசியில் காலைப்பொழுது காலி!

எங்கேயோ பார்த்த ஆள் மாதிரி இருக்கா? நியூஸ்பேப்பருக்குப் பதிலா மொபைலை வெச்சுப் பாருங்க. சாட்சாத் நாமேதான்.

1890-ல் வெளியான ஓர் உளவியல் புத்தகத்தில் வரும் ஆள் இவர். தனக்குத் தெரிந்த ஒருவர் என்று சொல்லித்தான் வில்லியம் ஜேம்ஸ் இதை எழுதியிருக்கிறார். ஆனால், அவருடைய வாழ்க்கையைப் படித்தால் அந்த ஒருவர் யார் என்ற சந்தேகம் உங்களுக்கும் வரும்.

எதிலும் நிலைக்காத பையன்

அமெரிக்க உளவியலின் முன்னோடியாகப் போற்றப்படும் ஜேம்ஸ், 1842 ஜனவரி 11 அன்று நியூயார்க்கில் பிறந்தார். வசதியான குடும்பம். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இவருடைய தம்பி. அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தார். ஒரு பள்ளிக்கூடம் பழகுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

முதலில் ஓவியர் ஆகணும் என்று கிளம்பி, நியூபோர்ட்டில் ஓர் ஓவியரிடம் சேர்ந்தார். கொஞ்ச நாளில் அதை விட்டுவிட்டு, 1861-ல் ஹார்வர்டில் வேதியியல் படிக்கப் போனார். பிறகு மருத்துவம். 1865-ல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஆராய்ச்சிக் குழு ஒன்றோடு பிரேசிலுக்குக் கப்பலேறினார். அங்கே அம்மை போட்டுப் படுத்தபோதுதான், ஊர் ஊராகப் போய் மீன் சேகரிக்கும் வேலை நமக்குச் சரிப்படாது என்பது புரிந்தது. திரும்பி வந்து 1869-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால், வைத்தியம் பார்க்கவே இல்லை.

27 வயசு. ஒரு வேலையும் இல்லை. நம்ம வீடாக இருந்தால், ஒண்ணுலயாவது உருப்படியா நில்லுடா என்று தினம் அர்ச்சனை நடந்திருக்கும்!

இருட்டான நாள்கள்

வெளியில் தெரிந்தது இவ்வளவுதான். உள்ளே நிலைமை ரொம்ப மோசம். முதுகு வலி, கண் கோளாறு, கூடவே கடுமையான மனச்சோர்வு. உயிரோடு இருப்பதில் அர்த்தம் உண்டா என்று யோசிக்கும் அளவுக்குப் போனார். இன்று இந்த நிலையில் இருப்பவர்களுக்கு டாக்டர்களும் கவுன்சலர்களும் இருக்கிறார்கள். அன்று அந்த வசதி பெரிதாகக் கிடையாது.

அவரை அரித்த கேள்வி இதுதான். மனசு என்பது வெறும் நரம்புகளின் வேலை என்றால், நான் ஒரு மெஷின்தானா? என் கையில் எதுவுமே இல்லையா?

1870 ஏப்ரலில், ரெனூவியே என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞரின் கட்டுரையைப் படித்தார். மனதில் பல நினைப்புகள் வரலாம். அவற்றில் ஒன்றை நாமே தேர்ந்தெடுத்துப் பிடித்துவைத்திருக்க முடிகிறது இல்லையா, அதுதான் சுதந்திரம் என்றது அந்தக் கட்டுரை. அந்தச் சுதந்திரம் தனக்கு இருப்பதாக நம்புவதையே தன் முதல் சுதந்திரமான செயலாக வைத்துக்கொள்வது என்று டைரியில் எழுதினார் ஜேம்ஸ்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. சோர்வு பிறகும் வந்து வந்து போனது. ஆனால், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்துவிட்டது.

2 வருஷம் 12 வருஷமான கதை

1873-ல் ஹார்வர்டில் உடலியல் பாடம் எடுக்கத் தொடங்கியவர், 1875-ல் உளவியலையும் எடுத்தார். அமெரிக்காவில் அப்போது அது புத்தம்புது பாடம். தான் கேட்ட முதல் உளவியல் லெக்சரே தான் எடுத்ததுதான் என்று பின்னாளில் கிண்டலாகச் சொன்னார்.

1878-ல் ஆலிஸ் கிப்பன்ஸைத் திருமணம் செய்துகொண்டார். அதே வருஷம், உளவியல் பற்றி ஒரு புத்தகம் எழுதித்தர ஒப்பந்தமும் போட்டார். 2 வருஷத்தில் முடிப்பதாகப் பேச்சு. முடிந்ததோ 1890-ல்! நடுவில் வகுப்புகள், உடம்புக்கு முடியாத நாள்கள். 1885-ல் கைக்குழந்தையாக இருந்த ஒரு மகனையும் பறிகொடுத்தார். ஆனாலும், விட்ட இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார். 2 தொகுதிகள், சுமார் 1,400 பக்கங்கள். 1892-ல் அதன் சுருக்கப் பதிப்பு வந்ததும், மாணவர்கள் பெரிய புத்தகத்துக்கு ஜேம்ஸ் என்றும், சின்னதுக்கு ஜிம்மி என்றும் செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு புள்ளி வெச்சுப் பாருங்க

அந்தப் புத்தகத்தில் கவனம் பற்றி ஒரு முழு அத்தியாயம் உண்டு. படபடவென்று ஒரு சத்தம் கேட்டாலோ பளிச்சென்று ஏதாவது தெரிந்தாலோ கவனம் தானாக அங்கே ஓடும். அதற்கு முயற்சியே தேவையில்லை. உங்க மொபைலின் நோட்டிஃபிகேஷன் வேலை செய்வது இந்த வழியில்தான். முயற்சி செய்து நாமாகச் செலுத்தும் கவனம் வேறு வகை. அது ஒரு தடவைக்குச் சில விநாடிகள்தான் தாங்கும் என்கிறார் ஜேம்ஸ். மணிக்கணக்கில் ஒருமுகமாக இருப்பதாக நாம் நினைப்பது, உண்மையில் ஓடிப்போன மனசைத் திரும்பத் திரும்பக் கூட்டிவருவதுதான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பேப்பரில் ஒரு புள்ளி வையுங்கள். அதையே உற்றுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கண் மங்கும்; இல்லையென்றால், மனசு வேறு எங்காவது போயிருக்கும். இப்போது அதே புள்ளியைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். எவ்வளவு பெரிசு? சரியான வட்டமா? ஓரத்தில் மை கசிந்திருக்கா? கவனம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். காரணம், மாறாத பொருளில் மனசு தங்காது. அதில் புதுசா ஏதாவது தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். மேதைகள் ஒரே விஷயத்தில் நெடுநேரம் மூழ்கியிருப்பதும் இதனால்தான் என்றார் ஜேம்ஸ். ஒரு விஷயத்தைத் தொட்டால், அவர்கள் மனதில் அதிலிருந்து பத்து விஷயம் கிளைவிடும்.

கஷ்டமான ஒன்றை மனதின் முன்னால் நிறுத்திவைப்பதுதான் மன உறுதியின் முழு வேலையும் என்பது அவர் முடிவு. 1870-ல் பிடித்த அதே கயிறு!

1910 ஆகஸ்ட் 26 அன்று, 68 வயதில் இதய நோயால் ஜேம்ஸ் காலமானார். மனசு அலைபாயாத மனிதராக அவர் ஒருநாளும் மாறிவிடவில்லை.

அதனால், அடுத்த தடவை புத்தகத்தைத் திறந்த 2-வது நிமிஷமே மனசு ரீல்ஸ் பக்கம் போனால், உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். மொபைலைக் கவிழ்த்து வையுங்கள், இன்னும் நல்லது, பக்கத்து ரூமில் வையுங்கள். விட்ட வரிக்கு வாங்க. அந்த வரியைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்க. பத்து தடவை ஓடினால், பத்து தடவை கூட்டி வாங்க.