கணித மேதை இராமானுஜன்

தமிழகம் உலகிற்கு ஈந்த அறிஞர் பெருமக்களுள் கணித மேதை சீனிவாச இராமானுஜன் தனியிடம் பெற்றவர். அவர்தம் பெயரைக் கேள்வியுறாத மாணவர் நம் தமிழ்ப்பள்ளிகளில் இருத்தல் அரிது. ஆயினும், அவரைப் பற்றிப் பேசுவோர் பலரும் அவர் பிறவி மேதை, தெய்வ அருள் பெற்றவர் என்று கூறி அவ்வளவில் அமைந்து விடுகின்றனர். இதனைக் கேட்கும் சிறுவன், கணிதம் தனக்கு எட்டாத கனி என்று எண்ணி ஒதுங்கிவிடக்கூடும். ஆகவே, அவர் எந்த நூலைக் கையிலெடுத்தார், எந்தெந்தப் படிகளில் ஏறினார் என்பவற்றை மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் நகரில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதும் பணி புரிந்தவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடி வந்தவர். குடும்பத்தின் வருவாய் குறைவு. ஆதலின், வெளியூரிலிருந்து வந்து படிக்கும் கல்லூரி மாணவர்களைத் தங்கள் சிறு வீட்டில் தங்க வைத்து, அதனால் கிடைத்த சிறு பொருளையும் கொண்டு இல்லறம் நடத்தினர். 1897-ஆம் ஆண்டு நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் இராமானுஜன் தம் மாவட்டத்திலேயே முதன்மையாகத் தேறினார். மறு ஆண்டு கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அங்கு நான்காம் படிவத்தில் பயின்றபொழுதுதான் அவர் வாழ்வின் திருப்புமுனை நிகழ்ந்தது. அண்டை வீட்டில் வாழ்ந்த கல்லூரி மாணவர் ஒருவரிடமிருந்து அவர் ஒரு நூலை இரவல் பெற்றார். அது இலண்டனை அடுத்த கல்லூரி ஒன்றில் பேராசிரியராக விளங்கிய லோனி என்பார் எழுதி, 1893-இல் வெளிவந்த முக்கோணவியல் நூலாகும். திரிகோணமிதி என்றும் இக்கலையை வழங்குவர். கல்லூரி மாணவர்க்குரிய அந்நூலை இராமானுஜன் எவர் துணையுமின்றிப் படித்து, அதிலிருந்த கணக்குகளைத் தாமே செய்து முடித்தார். நூலைத் தந்த மாணவர் வியந்து போனார். அப்பொழுது இராமானுஜனுக்கு வயது ஏறத்தாழ 13.

முக்கோணவியல் என்பது யாது? இதனை நம் பள்ளித் திடலில் நின்றே அறிந்து கொள்ளலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள கோலை வெயிலில் நேராக நட்டு வையுங்கள். அதன் நிழல் 2 மீட்டர் நீளம் எனக் கொள்வோம். அதே வேளையில் திடலோரத்து மரத்தின் நிழல் 40 மீட்டர் எனின், மரத்தின் உயரம் 20 மீட்டர் என்று ஏறாமலே கூறிவிடலாம். கோலும் நிழலும் ஒரு சிறு செங்கோண முக்கோணம். மரமும் நிழலும் ஒரு பெரிய செங்கோண முக்கோணம். இரண்டிலும் கோணம் ஒன்றே. ஆகவே, பக்கங்களின் விகிதமும் ஒன்றே. உயரத்தை நிழலால் வகுத்துக் கிடைக்கும் இவ்விகிதத்திற்கு டேன்ஜென்ட் என்று பெயர். எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன்; அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கோசைன். நிலம் அளப்போரும் பாலம் கட்டுவோரும் கடலில் கப்பல் செலுத்துவோரும் இம்மூன்றையும் கொண்டே எட்டாத தூரங்களை அளக்கின்றனர்.

இது முதற்படி. செங்கோண முக்கோணத்தில் மற்ற இரு கோணங்களும் 90 பாகைக்குக் குறைந்தே இருக்கும். அவ்வாறாயின் 120 பாகைக்குச் சைன் உண்டா? உண்டு. அதற்கு முக்கோணத்தை விட்டு வட்டத்திற்குச் செல்ல வேண்டும். ஆரம் 1 உடைய வட்டத்தின் மீது ஒரு புள்ளி சுற்றி வருவதாக எண்ணுங்கள். மையக்கோட்டிலிருந்து அப்புள்ளி நிற்கும் உயரமே சைன். புள்ளி மேலேறும், கீழிறங்கும், மீண்டும் மேலேறும். அவ்வுயரங்களை வரிசையாக வரைந்தால் கடல் அலை போன்ற கோடு கிடைக்கும். இந்நிலையில் சைன் முக்கோணத்தின் அளவாக மட்டும் நில்லாது, கோணம் மாற மாறத் தானும் மாறும் ஒரு சார்பு ஆகிவிடுகின்றது. ஓசையின் அதிர்வு, மின்னோட்டம், கடலின் ஏற்றவற்றம் ஆகியவற்றை ஆராய்வோர்க்கு இச்சார்பே துணை. இஃது இரண்டாம் படி.

மூன்றாம் படி வியப்பினும் வியப்பு. கோணத்தைப் பாகையால் அளவாமல் வில்லின் நீளத்தால் அளந்தால், 30 பாகை என்பது 0.5236 ஆகும். அதிலிருந்து, அவ்வெண்ணின் கனத்தை 6-ஆல் வகுத்துக் கழியுங்கள். பின்னர், அதன் ஐந்தாம் அடுக்கை 120-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். 0.5236-இல் 0.0239 போய் 0.0003 சேர, விடை 0.5000. முப்பது பாகையின் சைன் மதிப்பு சரிபாதியே! முக்கோணம் வரையாமல், அளவுகோல் எடுக்காமல், பெருக்கலும் வகுத்தலும் கொண்டே அதனைப் பெற்றுவிட்டோம். இங்கு 6 என்பது 1, 2, 3 ஆகியவற்றின் பெருக்கம்; 120 என்பது 1 முதல் 5 வரையுள்ள எண்களின் பெருக்கம். இவ்வாறு கழித்தும் கூட்டியும் முடிவின்றிச் செல்லும் தொடரை முடிவிலாத் தொடர் என்பர். இத்தொடரைக் கேரள நாட்டு மாதவர் என்னும் கணித அறிஞர் ஐரோப்பியர்க்கு முன்னரே கண்டறிந்திருந்தார் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

இப்படிகளில் ஏறிய இராமானுஜன் நூலோடு நிற்கவில்லை. சைன், கோசைன் பற்றிய சில அரிய தேற்றங்களைத் தாமே கண்டறிந்து தாளில் எழுதி வைத்தார். புதியன கண்டோம் என்று உள்ளம் பூரித்தார். பின்னரோ, அவை 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பேரறிஞரால் முன்பே கண்டறியப்பட்டவை என்று தெரிய வந்தது. லோனியின் நூலின் இரண்டாம் பாகத்திலிருந்தே இதனை அறிந்தார் போலும். வெட்கமும் ஏமாற்றமும் மேலிட, அத்தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்தாராம். மாணவர்களே, இதனை நாம் தோல்வி எனக் கருதுதல் தகாது. உலகப் பேரறிஞர் ஒருவர் கண்டதைக் கும்பகோணத்துச் சிறுவன் ஒருவன் தன்னந்தனியே கண்டான் என்பதன்றோ அதன் பொருள்!

1903-இல் கார் என்பார் தொகுத்த கணித நூல் அவர் கைக்குக் கிட்டியது. ஏறத்தாழ 5,000 முடிவுகள் அடங்கிய அந்நூலில் பெரும்பாலானவற்றிற்கு விளக்கம் இல்லை. இராமானுஜன் ஒவ்வொன்றாகத் தாமே நிறுவத் தொடங்கினார். தாள் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் எழுதினார். எழுதியதை முழங்கையால் அழித்தார். முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார்.

இனி, பெற்றோர் கருத்தூன்றிக் கேட்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன் கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டார். விளைவு, உதவித்தொகை பறிபோயிற்று. மனமுடைந்து 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், 1906, 1907 ஆகிய இரு ஆண்டுகளிலும் தேர்வில் தவறினார். பட்டமில்லை, வேலையுமில்லை. 1909-இல் ஜானகி அம்மையாரை மணந்த பின்னர், குறிப்பேடுகளைக் கையிலேந்தி வேலை தேடி அலைந்தார்.

அவரது அருமையை உணர்ந்தோர் சிலர் கைகொடுத்தனர். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயர் அவரைச் சென்னை அறிஞர்களிடம் அனுப்பினார். நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருள் உதவினார். 1912 மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. பகலில் துறைமுகக் கணக்கு, இரவில் தம் சொந்தக் கணக்கு என்று காலம் கழிந்தது.

1913 சனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேரறிஞர் ஹார்டிக்கு அவர் ஒரு மடல் எழுதினார். அதில் தாம் கண்ட தேற்றங்கள் பலவற்றைக் குறித்திருந்தார். ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் அதனை ஆராய்ந்து, எழுதியவர் ஒரு மாமேதை எனத் தெளிந்தனர். கடல் கடத்தல் ஆகாது என்னும் குடும்ப வழக்கம் முதலில் தடுத்தது. பின்னர்த் தாயார் இசைந்தார். 1914 மார்ச்சு 17-ஆம் நாள் சென்னையிலிருந்து கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் அவர் ஆற்றிய பணிகளுள் ஒன்று எண்களைப் பிரிப்பது பற்றியது. நான்கு என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். நூறு என்னும் எண்ணைப் பிரிக்கும் வகைகளோ 19 கோடியே 5 இலட்சத்து 69 ஆயிரத்து 292! இத்தகைய எண்ணிக்கையை மிக நெருங்கிக் கணிக்கும் வழியினை அவரும் ஹார்டியும் கண்டு 1918-இல் வெளியிட்டனர்.

அதே ஆண்டில், முக்கோணவியல் கூட்டுத்தொகைகளைப் பற்றியும் இராமானுஜன் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிறுவயதில் இரவல் நூலில் கண்ட கோசைன் அங்கே மீண்டும் வருகின்றது. வட்டத்தை ஐந்து சமபங்காக்கினால் 72, 144, 216, 288 பாகைக் கோணங்கள் கிடைக்கும். இவற்றின் கோசைன் மதிப்புகள் முறையே 0.309, -0.809, -0.809, 0.309 என வரும். தனித்தனியே பார்த்தால் முடிவில்லாப் பின்னங்கள். நான்கையும் கூட்டினால் -1 என்னும் முழு எண்! இவ்வகைக் கூட்டுத்தொகைகள் என்றும் முழு எண்ணாகவே அமையும். இவற்றைக் கொண்டு எண்களின் மறைபொருள்களை அவர் வெளிப்படுத்தினார். இன்று உலகெங்கும் இவை இராமானுஜன் கூட்டுத்தொகை என்றே வழங்கப்படுகின்றன.

1918-இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. டிரினிட்டி கல்லூரியும் அவரை ஆய்வுறுப்பினராக்கியது. ஆனால், கடுங்குளிரும், போர்க்காலத்தில் ஏற்ற சைவ உணவு கிடைக்காமையும், இடைவிடா உழைப்பும் அவர் உடல்நலத்தைக் குலைத்தன. 1919-இல் தாயகம் திரும்பினார். நோய்ப்படுக்கையிலும் எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், தம் 32-ஆம் வயதில் சென்னையில் உயிர் நீத்தார். இறுதிக் காலத்தில் எழுதிய தாள்கள் 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. அவர் பிறந்த நாளை இந்தியா தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டுவன மூன்று. முதலாவது, மாணவர்களே, கணக்கைப் பார்த்து எழுதுவதால் பயனில்லை. இராமானுஜனைப் போல் ஒவ்வொன்றையும் தானே செய்து பார்த்தல் வேண்டும். இரண்டாவது, விரும்பிய பாடத்திற்காகப் பிற பாடங்களைக் கைவிடலாகாது. அவரைத் தாங்கிப் பிடிக்கச் சில நல்லோர் வாய்த்தனர். எல்லார்க்கும் அவ்வாறு வாய்க்குமென்பது உறுதியன்று. மூன்றாவது, பெற்றோர்களே, இம்மாமேதையின் கல்வி ஓர் இரவல் நூலிலிருந்து தொடங்கியது. இடைநிலைப்பள்ளியில் பயிலும் உங்கள் மூத்த பிள்ளைகளின் பழைய நூல்களைப் பழந்தாள் விலைக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றை அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் உழைத்து ஓய்ந்து வரும் கைகளால் அக்கணக்குகளைச் சொல்லிக் கொடுக்க இயலாது போகலாம். ஆயினும், பிள்ளை படிக்கும் வேளையில் தொலைக்காட்சியை நிறுத்தி, வேளைக்கு உணவிட்டு, அருகிலிருந்து ஊக்குவிக்க எவராலும் இயலும்.

கோலையும் நிழலையும் கொண்டு மரத்தை அளக்கத் தொடங்குவோம். அந்தச் சிறு முக்கோணத்திலிருந்தே பெருங்கணிதம் விரிகின்றது. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அப்படிகளில் ஏறி உயர்வார்களாக!