சலுகை என்ற சொல்லோடு போராடிய எம்.சி.ராஜா

சேலம், நாமக்கல் சமவெளியில் வீட்டுமனைப் பட்டா, கல்வி உதவித்தொகை, தாட்கோ கடன் ஆகியவை தொடர்பாக மக்களோடு நின்று பணியாற்றும் எவரும் இரண்டு குறைகளை ஒரே நாளில் கேட்க நேரும். ஊருக்குள் சென்றால், அரசு தருவதெல்லாம் காலனிக்கே போகிறது என்பார்கள். காலனிக்குள் சென்றால், பட்டாக் காகிதம் கையில் இருக்கிறது, அதில் எழுதியுள்ள நிலம் எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை என்பார்கள். முதல் குறை அதிகார மட்டம்வரை எளிதாகச் சென்று சேர்கிறது. இரண்டாவது குறை மனுநீதி நாள் மனுக்களோடு மனுவாகக் கிடந்துவிடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வு நம் காலத்தில் தோன்றியதன்று. நூறாண்டுகளுக்கு முன்பே சென்னை மாகாணத்தில் இதை நேருக்கு நேர் சந்தித்தவர் பெருந்தலைவர் எம்.சி.ராஜா. பூனா ஒப்பந்தத்தை ஒட்டிய ஒரே ஓர் அத்தியாயத்தைக் கொண்டு அவரை அளந்துவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவருடைய வாழ்வை வேறொரு பக்கத்திலிருந்து, அரசின் உதவி யாருக்கு, எவ்வளவு, எந்தப் பெயரில் என்ற கேள்வியின் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

மயிலை சின்னத்தம்பிப் பிள்ளை ராஜா 1883 சூன் 17 அன்று சென்னை பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெசுலியன் மிசன் பள்ளியிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று ஆசிரியரானார். பள்ளிகளுக்கான பாடநூல்களும் எழுதினார். ஒடுக்கப்பட்ட சமூகத்தின் பிள்ளைகளைப் பெரும்பாலான பொதுப் பள்ளிகள் வாசலிலேயே நிறுத்திய காலத்தில், அச்சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் பாடநூல் எழுதினார் என்பதை ஒரு வரித் தகவலாகக் கடந்துவிடுகிறோம். ஆசிரியப் பணி அவருக்குப் பிழைப்பு மட்டுமன்று. கல்விக்கென ஒதுக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் எங்கே கசிகிறது என்பதை உள்ளிருந்து பார்க்கும் இடத்தை அது அவருக்குக் கொடுத்தது.

இரட்டைமலை சீனிவாசன் காலத்துப் பறையர் மகாசன சபையின் தொடர்ச்சியாக எழுந்த ஆதிதிராவிட மகாசன சபையின் செயலாளராக 1910களின் நடுப்பகுதியில் ராஜா பொறுப்பேற்றார். நீதிக்கட்சியின் தொடக்க காலத்திலேயே அதனோடு இணைந்தார். மாண்டேகு–செம்சுபோர்டு சீர்திருத்தத்தின்படி 1920இல் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தேர்தல் வழியான இடம் ஒன்றும் இல்லை. ஆளுநரின் நியமனம் ஒன்றே வழி. அவ்வாறு நியமிக்கப்பட்டவர்களுள் அவையில் ஓங்கி ஒலித்த குரல் ராஜாவினுடையது.

அக்காலத்தில் அரசின் உதவி ஒடுக்கப்பட்டோருக்கு வந்து சேர்ந்த வழி தொழிலாளர் துறை. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் மூதாதை அதுவே. தனிப்பள்ளி திறத்தல், கிணறு வெட்டுதல், கூட்டுறவுச் சங்கம் அமைத்தல், வீட்டுமனை வழங்குதல் ஆகியவை அதன் பணிகள். இவற்றுள் வீட்டுமனையே சச்சரவின் மையம். அதன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பண்ணையில் உழைத்தவரின் குடிசை நிலவுடைமையாளரின் நிலத்தில் நின்றது. கூலி உயர்த்திக் கேட்டால் குடிசை போகும். வேறு பண்ணைக்கு வேலைக்குச் சென்றாலும் குடிசை போகும். ஆகவே இரண்டு சென்ட் மனை சொந்தமாகக் கிடைப்பது என்பது கூரைக்கு இடம் கிடைப்பது மட்டுமன்று, முதலாளியிடம் மறுப்புச் சொல்லும் வலிமை கிடைப்பதாகும். மாகாணத்தின் நிலவுடைமையாளர்கள் இதை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். அந்த மனைகளும் இலவசமாகத் தரப்படவில்லை. கூட்டுறவுச் சங்கங்களின் வழியே மனையின் விலையைத் தவணை தவணையாகத் திருப்பிச் செலுத்த வேண்டியவர்கள் நிலமற்ற கூலிகளே. விலை கொடுத்து வாங்கியதைச் சலுகை என்று அழைக்கும் பழக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது.

1921ஆம் ஆண்டு இந்தச் சொல் ஒரு நகரத்தையே எரித்தது. சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். தினக்கூலியன்றி வேறெந்தப் பிடிப்பும் இல்லாத குடும்பங்கள் எத்தனை மாதம் பட்டினி கிடக்க முடியும் என்ற கேள்வியை வேலைநிறுத்தத்தின் தலைவர்கள் போதுமான அளவு கேட்டுக்கொள்ளவில்லை என்பதே எங்கள் எண்ணம். புளியந்தோப்பில் குடிசைகள் எரிக்கப்பட்டன. மோதல்கள், துப்பாக்கிச் சூடு, சாவுகள் எனப் பல மாதங்கள் அப்பகுதி கொதித்தது. இதற்கு நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களும் அவர்களுடைய ஏடும் கண்டுபிடித்த காரணம், தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்கு அளவுக்கு மீறிச் செல்லம் கொடுக்கிறது என்பதாகும். குடிசை இழந்து நின்றவர்கள் அரசின் செல்லப்பிள்ளைகள் ஆக்கப்பட்டார்கள். பார்ப்பனரல்லாதார் உரிமைக்காகத் தோன்றிய கட்சியே இவ்வாறு பேசியதுதான் ராஜாவை உலுக்கியது. பார்ப்பனரல்லாதார் என்ற பொதுப்பெயருக்குள் தம் மக்கள் எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்படுகிறார்கள், பங்கீட்டின்போது விலக்கப்படுகிறார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார்.

இடையில், 1922இல், அவர் கொண்டுவந்த தீர்மானம் வரலாற்றில் நிலைத்தது. பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, தமிழ்ப் பகுதியில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்குப் பகுதியில் ஆதிஆந்திரர் என்றும் வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். 1922 மார்ச் 25 அன்று அரசு அதனை ஆணையாக்கியது. உதவி பெறுபவரை இழிபெயரால் அழைத்துக்கொண்டே உதவி செய்வதை ராஜா ஏற்கவில்லை.

ஆயினும் மேற்கு மாவட்டங்களிலிருந்து பார்க்கும்போது இந்தத் தீர்மானத்தில் ஓர் இடைவெளி தெரிகிறது. அதைச் சொல்லாமல் விடுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. சேலம், நாமக்கல், ஈரோடு, கோவைப் பகுதிகளில் பட்டியலின மக்களுள் பெருந்தொகையினர் அருந்ததியர். அவர்களுள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள், ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மண்ணில் வாழ்பவர்கள். ஆதிதிராவிடர் என்ற பெயர் அவர்களை முழுமையாகத் தழுவவில்லை. ஆதிஆந்திரர் என்ற பெயர் அவர்களை வேறு நாட்டினராகக் காட்டியது. சென்னையில் எல்.சி.குருசாமி போன்றோர் அருந்ததியர் என்ற பெயருக்காகத் தனியே குரல் கொடுக்க வேண்டியிருந்ததன் காரணம் இதுவே. பெயரில் விழுந்த இடைவெளி பங்கீட்டிலும் விழுந்தது. பட்டியலினத்தாருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு என்னும் சட்டம் வர 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சட்டம் அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதிஆந்திரர் என்னும் ஏழு பெயர்களை ஒன்றாகத் தொகுக்கிறது. 1922இல் ஒரு பெயர் மாற்றத்தால் முடிந்துவிடும் என்று கருதப்பட்டது 2009இல் ஏழு பெயர்களாக நின்றது. 2024 ஆகத்து 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், மாநிலங்கள் இத்தகைய உட்பிரிவைச் செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் சில நீதிபதிகள் கிரீமிலேயர் குறித்துக் கூறிய கருத்துகளோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அது தனிக்கட்டுரைக்குரிய பொருள். பொதுப்பெயருக்குள் சேர்த்துக்கொண்டு பங்கில் விலக்குகிறார்கள் என்று நீதிக்கட்சியை நோக்கி ராஜா வைத்த குற்றச்சாட்டும், அருந்ததியர் பின்னாளில் வைத்த குற்றச்சாட்டும் ஒரே வடிவம் உடையவை. முதலாவதை நியாயம் என்பவர் இரண்டாவதை நியாயமில்லை என்று சொல்ல முடியாது.

1926இல் அமைந்த அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவர் நம் திருச்செங்கோட்டு வட்டாரத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் ப.சுப்பராயன். அந்த ஆட்சியில் முத்தையா முதலியார் கொண்டுவந்த வகுப்புவாரி ஆணை, அரசு வேலைகளைப் பன்னிரண்டு பங்காக்கி ஒடுக்கப்பட்டோருக்கு ஒரு பங்கு தந்தது. நூற்றுக்கு எட்டைச் சற்றே தாண்டும் அளவு. பிற்காலத்தில் பூனா ஒப்பந்தத்தின்படி சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 30 ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டன என்பதோடு ஒப்பிட்டால், அரசியல் இடத்தில் ஒப்புக்கொண்ட அளவை வேலைவாய்ப்பில் ஒப்புக்கொள்ள அரசுக்கு மனம் வரவில்லை என்பது புலப்படும். ஆயினும் தனிப் பங்கு என்ற ஒன்று எழுத்தில் வந்ததை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

அதற்குள் ராஜா தில்லிக்குச் சென்றிருந்தார். 1927 முதல் மத்தியச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோர் சார்பில் நியமன உறுப்பினராக இருந்தார். சைமன் குழுவோடு இணைந்து செயல்பட்ட இந்திய மத்தியக் குழுவிலும் இடம்பெற்றார். வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட்டார்கள், ராஜா அழைக்கப்படவில்லை. 1932இன் தொடக்கத்தில் இந்து மகாசபையின் மூஞ்சேயோடு அவர் செய்துகொண்ட உடன்பாடு, தனித்தொகுதிக் கோரிக்கையைக் கைவிட்டு, ஒதுக்கீட்டுடன் கூடிய கூட்டுத்தொகுதியை ஏற்றது. அம்பேத்கரின் கையை அது பலவீனப்படுத்தியது. இந்த மதிப்பீட்டில் எங்களுக்கு ஐயமில்லை. பெரும்பான்மையின் நல்லெண்ணத்தைக் கணக்கில் கொண்டு அவர் ஒரு பந்தயம் வைத்தார்.

அந்தப் பந்தயத்தின் முடிவு ஆறாண்டுகளில் தெரிந்தது. 1937இல் காங்கிரசு ஆட்சியேற்கத் தயங்கி நின்ற சில மாதங்கள் கூர்மா வெங்கட்ட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் ராஜா அமைச்சராக இருந்தார். பின்னர் இராசகோபாலாச்சாரியார் பிரதமரானார். சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்து, சேலம் நகராட்சித் தலைவராகி, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் அமைத்துத் தீண்டாமை ஒழிப்பைப் பேசியவர் அவர். மதுவிலக்கு என்ற பெருஞ்சோதனையை 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில்தான் அவர் தொடங்கினார். துணிவில்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. 1938இல் ராஜா கொண்டுவந்த சமூக உரிமைத் தடைகள் நீக்கச் சட்டம் அவருடைய ஆட்சியில் நிறைவேறவும் செய்தது. பொதுக்கிணறு, குளம், சாலை, பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் தடை செய்வதைக் குற்றமாக்கிய அச்சட்டம், 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்துக்கு முன்னோடி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் எடுத்து நீதிமன்றம் ஏறும் இளம் வழக்கறிஞர்கள் அதன் வேர் இங்கும் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

அதே ஆண்டில் மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவு மசோதாவை ராஜா முன்வைத்தபோது காட்சி மாறியது. மலபாருக்கு மட்டும் தாமே ஒரு சட்டம் கொண்டுவருவதாகவும், ராஜா தம் மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் பிரதமர் வற்புறுத்தினார். ராஜா மறுத்தார். காங்கிரசின் பெரும்பான்மை மசோதாவைத் தோற்கடித்தது. கூட்டுத்தொகுதியில் வென்று காங்கிரசு சார்பில் வந்திருந்த ஒடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாட்டுக்குள் நின்றார்கள். காந்திக்கு ராஜா முறையிட்டு எழுதினார். பிரதமரை நம்புமாறு பதில் வந்தது. தம் மக்களின் வாக்கால் மட்டுமே பதவிக்கு வராத பிரதிநிதி, தம் மக்களுக்காக மட்டுமே வாக்களிக்க முடியாது என்பதைத் தாம் கையொப்பமிட்ட ஏற்பாட்டின் விளைவாகவே அவர் அவையில் அமர்ந்து பார்த்தார். அதன்பின் பூனா ஒப்பந்தத்தின் மீதான தம் கசப்பை அவர் மறைக்கவில்லை.

எங்கள் பார்வையில் அவர் வாழ்வின் மிக முக்கியமான பாடம் இந்த இடத்தில் கிடக்கிறது. இன்றும் தனித்தொகுதிகளிலிருந்து வென்று வரும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பட்டியலினத் துணைத்திட்ட நிதி பொதுச் செலவுகளுக்குத் திருப்பப்படுகிறது என்ற புகார் எழும்போது அவர்களில் எத்தனை பேர் அவையில் எழுந்து கணக்குக் கேட்கிறார்கள்? அந்த நிதிக்குச் சட்டப் பாதுகாப்பு தர வேண்டும் என்று இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடின. தமிழ்நாடு அதற்கான சட்டத்தை 2024இல்தான் இயற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பட்டியலினத்தார் ஐந்தில் ஒரு பங்கு. வீட்டுமனைக்காக நிலம் கையகப்படுத்த 1978ஆம் ஆண்டிலிருந்தே தனிச்சட்டமும் இருக்கிறது. சட்டங்கள் இவ்வளவு இருந்தும், பட்டா கொடுக்கப்பட்ட நிலத்தை அளந்து கல் நடுங்கள் என்று கோருவதற்கே எங்கள் கட்சிக்காரர்கள் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. அளக்கப்படாத அந்த மனைகளும் அரசின் பட்டியலில் வழங்கப்பட்டவையாகவே எண்ணப்படுகின்றன. ஊரார் சுட்டிக்காட்டும் சலுகைகளின் எண்ணிக்கையிலும் அவை சேர்ந்துகொள்கின்றன.

1942 மார்ச்சு இறுதியில் கிரிப்சு தூதுக்குழு தில்லிக்கு வந்தபோது, பத்தாண்டுகளுக்கு முன் எதிரெதிர் நின்ற அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்தே சென்று கிரிப்சைச் சந்தித்தார்கள். புதிய அரசியல் ஏற்பாட்டில் ஒடுக்கப்பட்டோருக்கு உரிய பாதுகாப்பு இல்லை என்பதை இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். 1943 ஆகத்தில் ராஜா மறைந்தார். சென்னை சைதாப்பேட்டையில் அவர் பெயரால் அமைந்த கல்லூரி மாணவர் விடுதி இன்றும் இயங்குகிறது. அரசு விடுதிகள் அனைத்தும் இனிச் சமூகநீதி விடுதிகள் என்று வழங்கப்படும் என 2025இல் அரசு அறிவித்தது. விடுதி மாணவர் ஒருவருக்கு மாதம் எவ்வளவு உணவுப்படி, அது உரிய நாளில் வந்ததா என்பதை அங்குத் தங்கிப் படிக்கும் நம் மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். விண்ணப்பம் எழுத உதவி தேவைப்படுவோர் எங்களை அணுகலாம்.