ஸர் டூகால்ட் கிளார்க்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களின் வீதிகளில் மொபெட்டுகளும் ஆட்டோ ரிக்ஷாக்களும் நீலப்புகையைக் கக்கிக்கொண்டு சென்ற காலத்தை நம் பழைய மாணவர் பலர் அறிவர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இத்துணை மில்லிலிட்டர் எண்ணெய் என்று அளந்து கலந்து வாங்குவது அந்நாளைய வழக்கம். அவ்வாறு கலப்பதன் காரணம் யாது? எவ்வளவு கலப்பது தகும்? இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர், டூ-ஸ்ட்ரோக் யந்திரத்திற்கு வழிகாட்டிய ஸர் டூகால்ட் கிளார்க்கின் சரித்திரத்தை அறிதல் நலம்.

இவர் 1854-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ஆம் நாள் ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அந்நகரத்து ஆண்டர்ஸன் கல்லூரியிலும், லீட்ஸ் நகரத்து யார்க்ஷயர் விஞ்ஞானக் கல்லூரியிலும் பயின்றார். இளமையிலேயே வாயு யந்திரத்தின்மீது இவர் மனம் சென்றது.

அக்காலை, ஜெர்மனி தேசத்து ஆட்டோ என்பார் 1876-இல் இயற்றிய நான்கு வீச்சு யந்திரம் பெரும்புகழ் பெற்றிருந்தது. அதில் பிஸ்டன் இருமுறை சென்று வந்தால்தான் ஒருமுறை சக்தி பிறக்கும். அதாவது சக்கரம் இருமுறை சுழல வேண்டும். அவ்வமைப்பின் உரிமையோ ஆட்டோவின் காப்புரிமைக்குள் அடங்கியிருந்தது. பிறர் சென்ற வழியில் செல்ல இயலாத கிளார்க், தமக்கென ஒரு வழி தேடினார். சக்கரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் சக்தி பிறக்குமாறு ஒரு யந்திரத்தை வகுத்து, 1881-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். புதிய வாயுக் கலவையை உட்செலுத்துவதற்கென்று தனியே ஒரு பம்ப் சிலிண்டரை அவர் அமைத்தார். பிஸ்டன் தன் வீச்சின் முடிவில் துவாரங்களைத் திறந்துவிட, எரிந்த புகை வெளியேறும். அவ்விடத்தைப் புதிய கலவை நிரப்பும். இதுவே அதன் சூட்சுமம்.

பத்தாண்டுகள் கழிந்து, 1891-இல், இங்கிலாந்து தேசத்துப் பாத் நகரில் வாழ்ந்த ஜோஸப் டே என்பார் அந்தத் தனிப் பம்பையும் நீக்கிவிட்டார். பிஸ்டனின் கீழுள்ள கிராங்க் பெட்டியையே அவர் பம்பாக்கினார். யந்திரம் சிறிதாயிற்று, விலையும் குறைந்தது. எனினும் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. மற்ற யந்திரங்களில் கிராங்க் பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கி நின்று உறுப்புகளை நனைக்கும். எரிபொருட் கலவையே அப்பெட்டியின் வழியாகச் செல்லும்போது எண்ணெய் அங்கே தங்குவதெங்ஙனம்? ஆதலின் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்தே அனுப்பும் முறை பின்னர் வழக்கில் வந்தது. அவ்வெண்ணெய் பேரிங்குகளிலும் சிலிண்டரின் சுவரிலும் படிந்து, தன் தொண்டினைச் செய்து, முடிவில் தானும் எரிந்து போகும்.

இதில் அளவே உயிர்நாடி. பழைய யந்திரங்கள் சில, இருபது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், அதாவது லிட்டருக்கு 50 மில்லிலிட்டர், வேண்டின. எண்ணெயின் தரம் உயர்ந்த பின்னர் ஐம்பதுக்கு ஒன்று, அதாவது 20 மில்லிலிட்டர், பல வண்டிகளுக்குப் போதுமானதாயிற்று. அளவு குறைந்தால் எண்ணெய்ப் படலம் அறுந்து, பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். புகைத் துவாரம் அடைபடும். வீதியில் நடப்போர் மார்பிலும் அப்புகை சென்று சேரும். அன்றியும், எண்ணெய் மிகுந்த அளவிற்குப் பெட்ரோல் குறைவதால் யந்திரம் வேண்டாத சூட்டையும் அடையும். ஆகவே பிறர் கூறும் அளவை விடுத்து, அவ்வண்டியைச் செய்தோர் விதித்த அளவையும் எண்ணெயின் தரத்தையும் பின்பற்றுதலே அறிவுடைமை.

கிளார்க் 1886-இல் வாயு யந்திரத்தைப் பற்றி இயற்றிய நூல் பொறியியலார்க்குப் பெருந்துணையாயிற்று. 1908-இல் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். முதல் மகாயுத்த காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்குப் பொறியியல் ஆராய்ச்சித் தலைவராகத் தொண்டாற்றி, 1917-இல் ஸர் பட்டம் பெற்றார். 1932-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் நாள் காலமானார். ஜோஸப் டேயின் தொழிலோ நொடித்துப்போயிற்று. அவர் 1946-இல் உலகம் மறந்த நிலையில் மறைந்தார்.

இவ்விருவர் வழிகளும் நம் ஊர்ப்புறத்தில் சந்தித்தமை வியப்பிற்குரியது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கியின் யந்திரம் டூ-ஸ்ட்ரோக் வகையினதே. ஆயினும் அதில் காற்றைச் செலுத்தத் தனி ஊதுகருவி உண்டு. எரிபொருளில் எண்ணெய் கலக்க வேண்டுவதில்லை. அது கிளார்க் காட்டிய நெறி. அத்தொழிற்சாலையின் வாயிலைக் கடந்து சென்ற மொபெட்டோ டேயின் நெறியைப் பின்பற்றியது.

எளிமை எனும் பேறு விலையின்றி வருவதன்று. டே ஒரு பம்பை நீக்கினார். அதற்கு ஈடாகப் புகையை உலகம் ஏற்றது. பின்னாளில் காற்றின் தூய்மைக்கெனச் சட்டங்கள் கடுமையானபோது நான்கு வீச்சு யந்திரங்களே மீண்டும் சாலைகளில் இடம் பெற்றன. ஒன்றைக் குறைக்கும்போது அதன் சுமை எவர் தலையில் ஏறுகிறது என்று எண்ணிப் பார்ப்பது, நாளை கருவிகளைச் செய்யவிருக்கும் நம் மாணவர்க்குரிய கடமையாகும்.