ரமோன் லுல்

ரமோன் லுல் (ஏறத்தாழ கி.பி. 1232 - 1316) மத்தியதரைக் கடலில் உள்ள மயோர்க்காத் தீவில் பிறந்த மெய்யியலாளரும் எழுத்தாளரும் கிறித்தவ மறைபரப்பாளரும் ஆவார். காட்டலான், இலத்தீன், அரபு ஆகிய மொழிகளில் 250க்கும் மேற்பட்ட நூல்களை இயற்றிய இவர், காட்டலான் இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் கீழைத்தேய மொழிகளைக் கற்பிக்க வேண்டும் எனத் திருத்தந்தையரிடமும் அரசர்களிடமும் பல்லாண்டுகள் விண்ணப்பித்து வந்தார்.

இளமை

1229இல் அரகோன் அரசர் முதலாம் ஜெய்மே மயோர்க்காவை முஸ்லிம் ஆட்சியாளரிடம் இருந்து கைப்பற்றினார். லுல்லின் தந்தை பார்சிலோனாவில் இருந்து அங்கு குடியேறியவர். வெற்றிக்குப் பின்னரும் தீவு மக்களில் பெரும் பகுதியினர் முஸ்லிம்களாகவே இருந்தனர், யூதர்களும் வாழ்ந்தனர். லுல் இளமையில் அரசவையில் பணியாற்றி, பின்னாளில் மயோர்க்கா அரசரான இரண்டாம் ஜெய்மேயின் அரண்மனை அதிகாரியாக விளங்கினார். 1257இல் பிளாங்கா பிக்கானி என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர்.

ஏறத்தாழ 1263இல், காதல் பாடல் ஒன்றை எழுதிக் கொண்டிருந்தபோது சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் காட்சியை ஐந்து முறை கண்டதாக இவருடைய வரலாறு கூறுகிறது. அதன் பின்னர் மூன்று குறிக்கோள்களை மேற்கொண்டார். உயிரைக் கொடுத்தேனும் பிற சமயத்தவரிடையே மறைபரப்புதல், அதற்கெனச் சிறந்த நூல் ஒன்றை எழுதுதல், மறைபரப்பாளர்களுக்கு மொழி கற்பிக்கும் மடங்களை நிறுவுமாறு ஆட்சியாளர்களைத் தூண்டுதல் என்பன அவை.

அரபு மொழி கற்றல்

லுல் முஸ்லிம் அடிமை ஒருவரை விலைக்கு வாங்கி, அவரிடம் ஒன்பது ஆண்டுகள் அரபு பயின்றார். அந்த ஆசிரியர் இயேசுவைப் பழித்ததை அறிந்த லுல் அவரை அடித்தார். பின்னர் அவர் லுல்லை வாளால் தாக்கிக் காயப்படுத்தினார். சிறையில் அடைக்கப்பட்ட அவர் அங்கேயே தூக்கிட்டு இறந்தார். இவரிடம் கற்ற மொழியே லுல்லின் எழுத்துப் பணிக்கும் ஆப்பிரிக்கப் பயணங்களுக்கும் அடிப்படையாயிற்று.

மிரமார் மடம்

1276இல் இரண்டாம் ஜெய்மேயின் ஆதரவுடன் மயோர்க்காவின் மிரமாரில் ஒரு மடம் நிறுவப்பட்டது. பதின்மூன்று பிரான்சிஸ்கன் துறவிகள் அங்கு தங்கி அரபு கற்க ஏற்பாடு செய்யப்பட்டது. அதே ஆண்டில் திருத்தந்தை இருபத்தொன்றாம் யோவான் இதற்கு ஒப்புதல் அளித்தார். எனினும் அந்நூற்றாண்டு முடியும் முன்னரே மடம் கைவிடப்பட்டது.

விண்ணப்பங்கள்

மிரமாருக்குப் பின் லுல் திருத்தந்தையின் அவையையும் பாரிஸ் பல்கலைக்கழகத்தையும் நாடினார். 1287இல் அவர் உரோமை சென்றபோது திருத்தந்தை நான்காம் ஒனோரியுஸ் இறந்திருந்தார். 1294இல் ஐந்தாம் செலஸ்தீனிடம் விண்ணப்பம் அளித்தார். அவர் சில மாதங்களிலேயே பதவி துறந்தார். 1295இல் எட்டாம் போனிப்பாசிடம் அளித்த விண்ணப்பமும் பயன் தரவில்லை. பாரிஸ் பல்கலைக்கழகத்திற்கு எழுதிய மடலில் அரபு, தார்த்தார், கிரேக்க மொழிகளுக்கான கல்விக்கூடம் அமைக்குமாறு வேண்டினார்.

பிற சமயத்தவரின் மொழியை அறியாமல் அவர்களுடன் உரையாட இயலாது என்பதே இவ்விண்ணப்பங்களின் அடிப்படைக் கருத்தாகும். அதே வேளையில், பிற்காலத்தில் லுல் சிலுவைப் போரையும் ஆதரித்தார். படைத்துறவிகளின் சபைகளை ஒன்றாக இணைக்க வேண்டும் என்பதும் அவர் கோரிக்கைகளுள் ஒன்று.

வியேன் பொதுச்சங்கம்

1311இல் பிரான்சின் வியேன் நகரில் திருத்தந்தை ஐந்தாம் கிளமெண்ட் கூட்டிய பொதுச்சங்கத்தில், ஏறத்தாழ எண்பது வயதை எட்டிய லுல் தம் கோரிக்கைகளை முன்வைத்தார். 1312இல் முடிவுற்ற இச்சங்கம், எபிரேயம், அரபு, கல்தேயம் ஆகிய மொழிகளைக் கற்பிக்க ஆணையிட்டது. திருத்தந்தையின் அவை, பாரிஸ், ஆக்ஸ்போர்டு, பொலோஞ்ஞா, சலமான்கா ஆகிய ஐந்து இடங்களிலும் ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு ஆசிரியர்கள் அமர்த்தப்பட வேண்டும். அவர்கள் அம்மொழி நூல்களை இலத்தீனில் மொழிபெயர்க்கவும் வேண்டும். பாரிசில் ஊதியச் செலவைப் பிரான்சு அரசர் ஏற்க வேண்டும் என்றும், மற்றப் பல்கலைக்கழகங்களில் அந்தந்த நாட்டுத் திருச்சபையினர் பொறுப்பேற்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. ரோஜர் பேக்கன் போன்றோரும் முன்னரே மொழிக்கல்வியை வலியுறுத்தியிருந்தனர்.

ஆணை பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. தகுதியுள்ள ஆசிரியர்கள் அரிதாகவே கிடைத்தனர். நிதியும் முறையாக வரவில்லை. 1434இல் பாசெல் பொதுச்சங்கம் கிரேக்கத்தையும் சேர்த்து இவ்வாணையைப் புதுப்பிக்க நேர்ந்தது. பாரிசில் 1530இல் அரசர் முதலாம் பிரான்சுவா எபிரேயத்திற்கும் கிரேக்கத்திற்கும் விரிவுரையாளர்களை அமர்த்தினார். ஆக்ஸ்போர்டில் நிலையான அரபுப் பேராசிரியர் பதவி 1636இல், அதாவது ஆணை பிறந்து மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னரே ஏற்பட்டது.

படைப்புகள்

கலை எனப் பெயரிட்ட தம் முறையில், அடிப்படைக் கருத்துகளை எழுத்துகளால் குறித்து, சுழலும் வட்டங்களில் அமைத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து முடிவுகளைக் காண லுல் முயன்றார். பாரிஸ் மாணவர்களுக்கு இது கடினமாக இருந்ததால் பின்னர் எளிமைப்படுத்தினார். 1308இல் இதன் இறுதி வடிவத்தைப் பீசா நகரில் முடித்தார். செருமானிய அறிஞர் லைப்னித்ஸ் 1666இல் வெளியிட்ட சேர்மானக் கலை பற்றிய நூலில் இம்முறையின் தாக்கம் உண்டு. பிளாங்கெர்னா, பெலிக்ஸ் ஆகியன லுல்லின் புகழ்பெற்ற காட்டலான் புதினங்கள்.

இறுதிக் காலம்

லுல் 1293இல் தூனிசுக்குச் சென்று சமய விவாதம் செய்து நாடு கடத்தப்பட்டார். 1307இல் பூஜியா நகரில் (இன்றைய அல்ஜீரியாவின் பெஜாயா) ஆறு மாதங்கள் சிறையில் இருந்தார். திரும்பும் வழியில் கப்பல் உடைந்து தம் நூல்களை இழந்தார். 1315இல் மீண்டும் தூனிசில் இருந்து எழுதினார். பூஜியாவில் கல்லெறியப்பட்டு இறந்தார் என்னும் மரபுக் கதைக்குச் சான்றில்லை. அவரது உடல் மயோர்க்காவின் பால்மா நகரில் உள்ள புனித பிரான்சிசு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. 1847இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அவருக்குரிய வணக்கத்தை உறுதிப்படுத்தினார்.

காட்டலான் மொழியையும் பண்பாட்டையும் வெளிநாடுகளில் பரப்புவதற்காக 2002இல் தொடங்கப்பட்ட நிறுவனம் ரமோன் லுல் பெயரைத் தாங்கியுள்ளது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் காட்டலான் கற்பிக்க உதவுவது அதன் பணிகளுள் ஒன்றாகும்.