ஏடும் ஃபிளாப்பியும்

தி.நகரில் அப்பா வேலை பார்த்த சின்ன அச்சகத்தை மூடினபோது, முதலாளி ஒரு டப்பா ஃபிளாப்பி கொடுத்தார். மொத்தம் ஏழு. ஒன்றில் எங்க ஆயாவின் தாலாட்டுப் பாட்டுகள் இருக்கு. 1997-ல் அப்பா சொல்லச் சொல்ல டி.டி.பி. அண்ணன் டைப் அடித்தது. புத்தகமா வரவேயில்லை. ஆயாவும் இப்போ இல்லை. எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் டப்பா என் கைக்கு வந்தது.

இந்தக் காலக் கம்ப்யூட்டரில் ஃபிளாப்பி போட இடமேது? கடை கடையாக அலைந்தேன். சிரித்தார்கள். அப்போதுதான் தமிழ்த் தாத்தா ஞாபகம் வந்தார்.

உ.வே.சாமிநாதையர் 1855 பிப்ரவரி 19-ல் பிறந்தார். சொந்த ஊர் உத்தமதானபுரம். வறுமையான குடும்பம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அதே வருஷம் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் சீவகசிந்தாமணி பற்றி விசாரித்தார். அவ்வளவு படித்தவருக்கும் அந்த நூல் தெரியவில்லை. சோர்ந்துவிடாமல் தேடக் கிளம்பினார்.

ஏடு கிடைத்தால் மட்டும் போதாது. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். பல பிரதிகளை ஒப்பிட்டார். சமணக் கருத்து புரியாவிட்டால் சமணர்களையே தேடிப்போய்க் கேட்டார். சிந்தாமணி 1887-ல் அச்சேறியது. பிறகு பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. ஒருமுறை கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனார். பழைய ஏடுகளை அதற்குள் தீயில் போட்டுவிட்டிருந்தார்கள். நொந்துபோனார், தேடலை விடவில்லை. 1942 ஏப்ரல் 28-ல் மறைந்தார். அவர் சேர்த்த ஏடுகள் பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன.

எனக்கும் ரிச்சி தெருவில் ஒரு பழைய யு.எஸ்.பி. டிரைவ் கிடைத்தது. ஏழில் ஐந்து படிக்கவில்லை, பூஞ்சை. ஆயா பாட்டு திறந்தது, ஆனால் எல்லாம் இங்கிலீஷ் குப்பையாக வந்தது! யூனிகோடு புழக்கத்துக்கு வராத காலம். அந்த எழுத்துரு என்னிடம் இல்லை. இன்னொரு ஃபிளாப்பியில் அத்தை கல்யாணப் பத்திரிகை இருந்தது. அச்சடித்த பத்திரிகை வீட்டிலேயே இருக்கு. இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். தாத்தா காட்டிய வழிதானே!

முதல் தாலாட்டைப் படித்துக் காட்டினேன். அப்பா மெதுவாக ராகம் போட்டுக் கூடவே பாடினார்.

நண்பர்களே, உங்க வீட்டுப் பரணில் ஃபிளாப்பி இருந்தால் குப்பையில் போடாதீங்க. எடுத்துட்டு வாங்க, என்கிட்ட டிரைவ் இருக்கு.