பாதிச் சம்பளம் வாங்கிய அதிகாரி

நேதாஜி என்றதும் ராணுவ உடுப்பும் இந்திய தேசிய ராணுவமும்தான் நமக்கு நினைவு வரும். அதே சுபாஷ் சந்திர போஸ், குடிநீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மாநகராட்சி அதிகாரியாகச் சில மாதங்கள் இருந்தவர். நம் பொதுக்குழுக் கூட்டங்களில் மேனேஜர் சம்பளம் எவ்வளவு, அவர் யார் சொல்லைக் கேட்க வேண்டும் என்ற பேச்சு எழாமல் இருந்ததில்லை. ஆகவே இந்தக் காலாண்டுக்கு அவர் கதை.

சுபாஷ் 1897 ஜனவரி 23 அன்று கட்டாக்கில் பிறந்தார். அப்பா ஜானகிநாத் வக்கீல். கட்டாக் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். மகன் 1920இல் ஐ.சி.எஸ். தேர்வில் நான்காவதாக வந்தார். அடுத்த ஆண்டே அந்த வேலையை உதறிவிட்டுக் கல்கத்தாவில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸிடம் போய்ச் சேர்ந்தார்.

அந்த மாநகராட்சியின் பழைய சண்டையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். வெகுகாலம் அங்கே அரசு அனுப்பிய அதிகாரியே தலைவர். கூட்டத்தை நடத்துவதும் அவர், நிர்வாகமும் அவர் கையில். 1899இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் சட்டம் வந்தபோது, சுரேந்திரநாத் பானர்ஜி உட்பட 28 பேர் பதவியை விட்டு வெளியேறினார்கள். பின்னாளில் அதே சுரேந்திரநாத் வங்காள அரசில் மந்திரியாகி 1923ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மன்றத்துக்கு மேயர், நிர்வாகத்துக்குத் தலைமை நிர்வாக அதிகாரி என்று இரண்டு வேலையும் பிரிந்தன. பாவம், புதிய மாநகராட்சி அமைவதற்குள் அவர் சட்டசபைத் தேர்தலில் பிதான் சந்திர ராய் என்ற டாக்டரிடம் தோற்று, மந்திரி பதவியும் போய்விட்டது.

சட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. தலைமை நிர்வாக அதிகாரியை மன்றம் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அரசின் ஒப்புதல் வேண்டும்.

1924 தேர்தலில் தாஸின் சுயராஜ்யக் கட்சி வென்றது. தாஸ் மேயர். துணை மேயர் சுஹ்ரவர்தி. பிற்காலத்தில் பாகிஸ்தான் பிரதமரானாரே, அவரேதான். அதிகாரி பதவி தனக்கு வரும் என்று மிதுனாப்பூரின் பிரேந்திரநாத் சாஸ்மல் நம்பியிருந்தார். தாஸ் கைகாட்டியது 27 வயது சுபாஷை. அந்த மனக்கசப்பு சாஸ்மலுக்குத் தீரவேயில்லை.

பதவிக்கு உரிய சம்பளம் மாதம் 3,000 ரூபாய். சுபாஷ் 1,500 போதும் என்று சொல்லி, பாதியை மட்டுமே வாங்கிக்கொண்டார். இதைத் தியாகம் என்று மட்டும் பார்ப்பது போதாது என்பது என் எண்ணம். 1,500 என்பதும் அன்றைய குமாஸ்தாவுக்கு எட்டாக் கனிதான். ஆனால் வெள்ளைக்கார அதிகாரிக்குக் கொடுக்கும் சம்பளத்தைத் தங்கள் ஆளுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள் என்று யாரும் வாய் திறக்க முடியாமல் போயிற்று. வரி கட்டுகிறவர்கள் முன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

அரசுக்கு இந்த நியமனம் பிடிக்கவில்லை. தயங்கித் தயங்கித்தான் ஒப்புதல் வந்தது. வந்ததும் சுபாஷ் வேலையில் இறங்கினார். மாநகராட்சி ஊழியர்களின் சீருடை கதரானது. இலவச ஆரம்பப் பள்ளிகளுக்காகத் தனியாகக் கல்வித் துறை தொடங்கி, கேம்பிரிட்ஜில் படித்த க்ஷிதிஷ் பிரசாத் சட்டோபாத்யாயாவைப் பொறுப்பில் வைத்தார்கள். வார்டுதோறும் சுகாதார சங்கங்கள் வந்தன. வைஸ்ராய்க்கும் கவர்னருக்கும் கொடுத்துவந்த வரவேற்பு தேசியத் தலைவர்களுக்கு மாறியது. காலியாக இருந்த 33 இடங்களில் 25 இடங்களை முஸ்லிம்களுக்குக் கொடுத்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. இத்தனை நாள் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்ததாகவே அவர் அதைக் கருதினார், பின்வாங்கவில்லை.

இதெல்லாம் ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. 1924 அக்டோபர் 25 அதிகாலை போலீஸ் வந்து தூக்கத்திலிருந்து எழுப்பிக் கைது செய்தது. 1818ஆம் ஆண்டின் பழைய ஒழுங்குமுறைச் சட்டம் அதற்குப் போதுமானதாக இருந்தது. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. நியமனத்தை மறுக்க முடியாத அரசு, நியமிக்கப்பட்டவரையே அகற்றிவிட்டது.

மன்றம் அவரைப் பதவியிலிருந்து எடுக்கவில்லை. அலிப்பூர் சிறையே சில வாரங்களுக்கு அவருடைய ஆபீஸ் ஆயிற்று. மாநகராட்சி அதிகாரிகள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போவார்கள். போலீஸ்காரரும் சிறை அதிகாரியும் பக்கத்தில் இருக்க, அவர் படித்துப் பார்த்து உத்தரவு போடுவார். டிசம்பரில் பெர்ஹாம்பூர் சிறைக்கும், 1925 ஜனவரியில் பர்மாவின் மாண்டலேவுக்கும் மாற்றியபோது அந்த வழியும் அடைபட்டது. அதே ஆண்டு ஜூனில் தாஸ் இறந்துபோனார். உடல்நலம் மிகவும் கெட்ட பிறகு, 1927 மே மாதம்தான் சுபாஷை விடுவித்தார்கள்.

1930 ஆகஸ்டில் அதே மன்றம் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. அப்போதும் அவர் சிறையில்தான் இருந்தார். வெளியே வந்து பதவியேற்று, 1931 ஜனவரி 26 அன்று சுதந்திர தின ஊர்வலத்தை நடத்திச் சென்றபோது, தான் மேயராக இருந்த ஊரின் தெருவிலேயே போலீஸ் தடியடி பட்டு மறுபடியும் கைதானார்.