படித்த பிள்ளை ஊருக்கு விளக்கு: டாக்டர் ஹொசே ரிசால்



பிலிப்பைன்ஸ் நாட்டில் டிசம்பர் 30ஆம் தேதி பொது விடுமுறை. 1896ல் அதே நாளில், 35 வயது இளைஞர் ஒருவரை ஸ்பெயின் அரசாங்கம் மணிலாவில் சுட்டுக் கொன்றது. அவர் துப்பாக்கி தூக்கியவர் அல்லர், பேனா பிடித்தவர். அவர்தான் டாக்டர் ஹொசே ரிசால்.

1861ல் கலம்பா என்னும் ஊரில் பிறந்தார். அங்கே நிலமெல்லாம் பாதிரிமார் மடத்துக்குச் சொந்தம். ரிசால் குடும்பமும் குத்தகைக்குத்தான் பயிர் செய்தது. அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் தாயார். மகனுக்குப் பத்து வயசாக இருந்தபோது, அந்தத் தாயார்மேல் பொய்க் குற்றம் சாட்டி, தொலைதூரச் சிறைக்கு நடத்தியே கொண்டு போனார்கள். பிள்ளை மனசில் அது ஆறாத புண்.

தாயாருக்குக் கண் பார்வை மங்கியது. ரிசால் 1882ல் ஸ்பெயினுக்குப் போய் மருத்துவம் படித்து, கண் டாக்டரானார். செலவுக்கு அண்ணன் பணம் அனுப்பினார். பின்னாளில் தாயாரின் கண்ணுக்குத் தாமே அறுவை சிகிச்சை செய்தார்.

படிச்சாச்சு, சம்பாதிச்சாப் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. மக்கள் படும் பாட்டை நாவலாக எழுதி, 1887ல் பெர்லினில் அச்சிட்டார். அச்சுக்கூலிக்கு நண்பர் ஒருவர் கடன் கொடுத்தார். ஊர் திரும்பியதும் குத்தகைக்காரர்களின் குறைகளை எழுதி அரசாங்கத்துக்குக் கொடுக்க உதவினார். பலன் என்ன? பட்டாளத்தை வைத்துக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அவர் பெற்றோரும் வீடிழந்தார்கள்.

1892ல் அமைதி வழியில் ஒரு சங்கம் அமைத்தார். சில நாளிலேயே டாபிடான் என்னும் மூலைக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கேயாவது சும்மா இருந்தாரா? பையன்களுக்குப் பாடம் நடத்தினார். கண் வைத்தியம் பார்த்தார். ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டு வந்தார்.

அவர் சங்கத்தில் சேர்ந்தவர்களில் போனிஃபாசியோ ஒரு கிட்டங்கித் தொழிலாளி. பள்ளிப் படிப்பு குறைவு. ஆனால் ரிசாலின் நாவலைப் படித்தவர். 1896 ஆகஸ்டில் புரட்சிக்குத் தலைமை தாங்கியவர் அவரே. ஆயத்தமில்லாத கலகம் வேண்டாம் என்பது ரிசாலின் கருத்து. என்றாலும் பழி அவர்மேல்தான் விழுந்தது.

கியூபாவுக்கு ராணுவ டாக்டராகப் போகும் வழியில் கப்பல் சிங்கப்பூரில் நின்றது. தப்பித்துக்கொள்ளச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தினார்கள். குற்றம் செய்யாதவன் ஏன் ஓடவேண்டும் என்று அவர் இறங்க மறுத்துவிட்டார். பயணத்திலேயே கைதாகி, மணிலாவுக்குக் கொண்டு வரப்பட்டு, உயிர் கொடுத்தார். 1898 ஜூன் 12ல் புரட்சிக்காரர்கள் நாட்டின் சுதந்திரத்தை அறிவித்தார்கள்.

டாக்டர் எழுதிய புத்தகம் கிட்டங்கித் தொழிலாளியின் கைக்குப் போனது. ஒரு நாடே விழித்தது. மாணவர்களே, இன்று பரிசாக வாங்கும் புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். படித்ததை வீட்டில் அப்பா அம்மாவுக்கும், பக்கத்து வீட்டுத் தம்பி தங்கைகளுக்கும் சொல்லுங்கள். கல்வி நாலு பேருக்குப் பயன்படட்டும்!